பிரேக்கில் காற்று

ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த கர்னலுக்கு, தனியாளாகச் செய்யவே முடியாத வேலை இது ஒன்றுதான் என்று எரிச்சலாக வந்தது. பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க, மற்றவர் கீழே சக்கரத்தின் திருகைத் திறந்து, எண்ணெயும் குமிழிகளும் பாட்டிலுக்குள் வந்ததும் மூட வேண்டும். அதற்குள் மேலே இருப்பவர் காலை எடுத்தால் போன காற்று திரும்பி வந்துவிடும்.

கர்னல் என்பது தெரு வைத்த பெயர். மனிதர் தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். அதைத் தவிர எதையும் ஓங்கி அடித்தவரில்லை. ராணுவம் கழித்துப் போட்ட ஜீப்பை ஏலத்தில் எடுத்து, துருவைச் சுரண்டி, பச்சை பூசி, அதற்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். பற்சக்கரங்கள் சாப்பாட்டு மேஜையில் ஏறின. கார்புரேட்டர் சமையலறைத் தொட்டியில் குளித்தது. மனைவி முகம் சுளித்தாளே தவிர, பெடலை அமுக்கக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்தாள். மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் ஷெட் வாசலில் நின்று வெகுநேரம் பேசினாள். அவர் அடியில் கிடந்தபடி எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டினார். "நான் பொண்ணு வீட்டுக்கே போயிடறேன்" என்றதற்கும் அதே "ம்"தான். இருட்டிய பிறகும் வீட்டில் விளக்கு எரியாததைப் பார்த்தபோதுதான் அவள் சொன்னது காதில் விழுந்தது.

அதன்பின் வீடு முழுவதும் அவர் ராஜ்யம். ஸ்பேனரைக் கட்டிலில் வைத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜீப்பிடம் பேசிப் பார்த்தார்; அது "ம்" கூடக் கொட்டவில்லை. பெடலுக்குச் செங்கல் வைத்தார், கட்டையை முட்டுக்கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரை உட்காரவைத்தால், அவர் போன் அடித்ததும் காலை எடுத்துவிட்டார்.

இன்று தையல் மெஷினை எடுத்துப்போக அவள் வந்திருந்தாள். மாப்பிள்ளை கார் கொண்டுவரும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமலோ என்னவோ, ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பிரேக் புடிக்குதா?"

"காத்து இருக்கு."

கொஞ்சம் வர்றியா என்று அவர் கேட்கவில்லை. அவளே ஏறி உட்கார்ந்தாள். காலடித் தகட்டின் மூடியைத் திறந்து, கீழேயிருந்த சின்னத் தொட்டியில் டின்னிலிருந்து எண்ணெய் ஊற்றினாள். அது குறையக் குறைய ஊற்றுவதும் அவள் வேலை. வற்றினால் காற்று புகுந்து, நான்கு சக்கரத்தையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவள் ஒருமுறைகூட வற்றவிட்டதில்லை.

மூன்று சக்கரம் முடிந்தது. மகள் வீட்டில் தன்னை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விடுவதில்லை, விருந்தாளி மாதிரி வைத்திருக்கிறார்கள் என்றாள். "ம்" தவிர வேறு ஏதாவது சொல்லிவிட அவர் தவித்தார்.

"சாப்பாடெல்லாம் ஒத்துக்குதா?"

"இதைக் கேக்க உங்களுக்கு மூணு சக்கரம் ஆச்சு."

கடைசிச் சக்கரம். எண்ணெய் தெளிவாக வந்தது. ஒரு குமிழி இல்லை. பெடல் அவள் காலுக்குக் கீழே கல்லாக இறுகியிருக்கும். அவருக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கும். திருகை முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. தையல் மெஷின் போய்விடும்.

"இன்னும் கொஞ்சம் காத்து வருது" என்றார்.

பிறகு பெடல் இறங்கியது. இன்னொரு தடவை என்றார். அதற்குப் பிறகும் சொன்னார். வாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"இருங்க மாப்பிள்ளை, கை வேலையா இருக்கேன்" என்று மேலிருந்து குரல் கொடுத்தாள்.

அடுத்த தடவை திறந்தபோது குழாயில் ஒரு குமிழி வந்தது. பின்னால் இன்னொன்று. நிஜக் காற்று. கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஜீப்புக்குக் கதவு கிடையாது; அவள் கால் பக்கத்தில் எண்ணெய் டின் மூடி இறுக்கியபடி நின்றது.

"எண்ணெய் ஊத்தலையா?"

"பாக்கல" என்றாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. பெடலிலிருந்து அவள் காலை எடுக்கவில்லை. குமிழிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாட்டிலை நோக்கி ஊர்ந்தன.