அழித்தவற்றின் பட்டியல்

ஆண்டாள் இன்னொரு கட்டையும் அவிழ்த்தாள். சிவப்புத் துணிக்குள் தேர்வுப் பதிவேடுகள், அதற்கடியில் தளவாடக் கணக்கு, அதற்கும் அடியில் காய்ந்துபோன பல்லி. பல்கலைக்கழகத்தின் செஞ்சி மையப் பதிவறையில் பதினோரு வருடமாகத் தினக்கூலி அவள். எந்தத் தாள் எந்த அலமாரியில் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவாள். இன்றைக்குப் பார்த்து அவளுக்கு வேண்டியதுதான் அகப்படவில்லை.

பத்து வருடம் விடாமல் வேலை பார்த்ததற்கு அசல் வருகைப் பதிவேட்டைக் காட்டினால் வேலை நிரந்தரம் என்று பல்கலைக்கழகத் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. மாலை ஐந்து மணிதான் கெடு. இப்போதே நான்கேகால்.

கண்காணிப்பாளர் ஜெயராமன் வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா, கெடச்சுதா?"

"நாலு வருசத்துது இருக்குது சார். அதுக்கு முந்துனது ஒண்ணையும் காணோம்."

"பழசெல்லாம் போன வருசம் காயித மில்லு லாரியில ஏத்துனோமே."

ஆண்டாளின் கை நின்றது. அந்த லாரிக்கு மூன்று நாள் மூட்டை கட்டியவள் அவள்தான். நிரந்தர ஊழியரின் வருகைப் பதிவேட்டை என்றைக்கும் வைத்திருக்க வேண்டும், தினக்கூலியாருடையது மூன்று வருடம் இருந்தால் போதும் என்பது விதி. விதி பிசகுவது அவளுக்குப் பிடிக்காது. "ஒரு ஓரமா கெடக்கட்டும் வுடுக்கா" என்று உடன் வேலை செய்யும் கலைவாணி சொன்னதற்கு, "எடம் எங்கடி இருக்குது?" என்று அதட்டி மூட்டையில் திணித்ததும் அவளேதான். நினைக்க நினைக்கத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"சார், நீங்க தெனமும் பாத்தீங்கல்ல. ஒரு வரி எழுதிக் குடுங்க சார்."

"நான் பாத்தேம்மா. அவங்க பதிவேடுதான கேக்குறாங்க?"

"அழிச்சதுக்கு எழுதுன லிஸ்ட் இருக்குதே. அதையாவது அனுப்புங்க."

அவளே எடுத்து வந்தாள். பக்கம் பக்கமாக அவளுடைய குண்டுக் கையெழுத்து. 'தினக்கூலிப் பணியாளர் வருகைப் பதிவேடு - ஏழு - அழிக்கப்பட்டது.' அடியில் ஜெயராமனின் ஒப்பம். தயாரித்தவர் என்ற இடம் வெறுமையாக இருந்தது. தினக்கூலி ஆள் அதில் ஒப்பமிட அனுமதி இல்லை.

"இதுல ஒம்பேரே இல்லியேம்மா" என்றார் ஜெயராமன். அவள் முகத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு வருசம்னே அனுப்பிடறேன். இத பத்திரமா எடுத்து வை. அழிச்ச லிஸ்ட் மட்டும் எப்பவும் இருக்கணும்."

ஆண்டாள் பட்டியலைத் துணியில் சுற்றி, நாடாவை இழுத்து முடிந்தாள். நிரந்தர அலமாரியில் அதற்கான இடத்தில் வைத்துப் பூட்டினாள்.