இரண்டாவது கையெழுத்து

என் இடுப்பு மக்கர் பண்ணியது காலை ஏழே முக்காலுக்கு. அவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், அந்த நேரத்தில் என் கண்ணுக்கு நேரே இருந்தது சுவர்க் கடிகாரம்தான். என் இரண்டு கைகளுக்குள், நாங்கள் டிரைவர் ஐயா என்று கூப்பிடும் தொண்ணூற்றிரண்டு கிலோ பெரியவர் இருந்தார். கட்டிலை விட்டு எழுந்தாகிவிட்டது, சக்கர நாற்காலிக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் எனக்குக் கிரேன் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததை நான்தான் பட்டம் மாதிரி தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பக்கவாதம் வந்தவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், சார்ட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினோரு பேரைக் குளிப்பாட்டி உட்கார வைக்க இருந்ததோ நானும் மாடியில் இன்னொருத்தியும். அவளைத் தேடி ஓடுகிற நேரத்தில் ஒருவருக்கு உடம்பைத் துடைத்தே முடித்துவிடலாம். அதனால் என் கையெழுத்தை வலது கையாலும் அவளுடையதை இடது கையாலும் நானே போட்டேன். ஆறு மாதம். போகப் போக, இடது கைக் கையெழுத்துதான் லட்சணமாக வந்தது. வீட்டுக்குப் போனால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியாது, மகளைக் கூப்பிடுவேன். "என்னம்மா கிரேன், ரிப்பேரா?" என்பாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று டிரைவர் ஐயா என் தோளுக்குள்ளிருந்து கேட்டார். அவருக்கு வலது கையும் காலும்தான் போயிருந்தன. வாய் நன்றாகவே ஓடும்.

"ஒண்ணுமில்ல ஐயா, கொஞ்சம் பொறுங்க."

"நகர மாட்டேங்கறியே?"

"நகர முடியல."

வலியில் கண் இருட்டியது. கையை விட்டால் அவர் விழுவார். இந்த வயதில் எலும்பு முறிந்தால் அவ்வளவுதான். விடாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம்.

"பெல் அடிக்கலாம்ல?"

"ஐயையோ, வேணாம்!" என்றேன். முதுகு முறிகிற நேரத்திலும் எனக்குச் சார்ட் கவலை. மேட்ரன் வந்தால் இரண்டாவது ஆள் எங்கே என்பார், வேலை போகும். என் புத்திக்கு ஒரு பெரிய கும்பிடு போட வேண்டும்.

அப்போது என் கைகளில் பாரம் குறைந்தது. டிரைவர் ஐயா இடது காலை அழுத்தி ஊன்றி, இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார். உடம்பெல்லாம் நடுங்கியது. ஆனாலும் நின்றார்.

"உங்களால நிக்க முடியுமா ஐயா?"

"இந்தக் கால் நல்லாத்தானே இருக்கு. நீ கேட்டாத்தானே சொல்லுவேன்? வருவே, அள்ளுவே, வெப்பே, ஓடிடுவே. பாவம், அவசரத்துல இருக்கற புள்ளைன்னு நானும் விட்டுட்டேன்."

சார்ட்டில் தினமும் 'நிற்க இயலாது' என்று எழுதியவள் நான்தான். ஒரு நாள்கூட அவரிடம் கேட்டதில்லை. வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவர் நின்றதால் எனக்கு ஒரு கை கிடைத்தது. பெல்லை நானே அடித்தேன்.

மேட்ரன் ஓடி வந்து அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நான் கட்டிலைப் பிடித்தபடி வளைந்தே நின்றேன். மேட்ரன் சார்ட்டை எடுத்தார். இன்றைக்கு உண்டான இரண்டு கையெழுத்தையும் நான் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன்.

"ரெண்டு பேர்னு இருக்கே. இன்னொரு ஆள் எங்க?"

"யாரும் இல்ல மேடம். ரெண்டும் நான் போட்டதுதான். ஆறு மாசமா."

மேட்ரன் சார்ட்டை மூடினார். பிறகு, "இத நான் மேல எழுதித்தான் ஆகணும். உன் வேலை என்னாகும்னு எனக்கே தெரியாது" என்றார்.

"எழுதுங்க மேடம்," என்றார் டிரைவர் ஐயா, இன்னும் மூச்சு வாங்கியபடி. "ஆனா இன்னிக்கு மட்டும் ரெண்டாவது ஆள் இருந்தாருன்னு சேத்து எழுதுங்க. நான்தான் அது. பேனாவக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

நான் அழுதேன். நிமிர்ந்து நின்று அழக்கூட வழியில்லை, தரையைப் பார்த்தே அழுது முடித்தேன்.