நட்டநடுவில் ஒரு கம்பி

இன்றைக்கும் அது பொய் சொன்னால் குப்பைத்தொட்டிதான் என்று தம்பி தீர்த்துச் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. பெரியக்கா நடத்தும் சலவைக்கூடத்தில், உலர்த்தும் அறையின் வெக்கை தாங்காமல் அவன் ஒருமுறை சுருண்டு விழுந்தான். அன்றிலிருந்து சின்னக்கா தன் ஆய்வகத்தில் செய்த பிளாஸ்டிக் பட்டையை அவன் விலாவில் ஒட்டிக்கொண்டே இருக்கிறாள். தோலோடு தோலாக வளைகிற மெல்லிய பட்டை. அதன்மேல் முடியைவிடச் சன்னமான கம்பி. உடம்பு சூடேறினால் அவள் கைப்பேசி அலற வேண்டும். அதுவோ அவன் ஈரத்துணி அள்ளக் குனியும்போதெல்லாம் அலறித் தொலைத்தது.

"நான் குனிஞ்சா எனக்குக் காய்ச்சலா? வேலை செய்றவங்க எல்லாம் சிரிக்கிறாங்க, சின்னக்கா."

பட்டை வளைந்தால் கம்பி இழுபடும். இழுபட்ட கம்பி, சூடேறிய கம்பியைப்போலவே நடிக்கும். இந்த நடிப்பை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் அவள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் விடை கிடைத்தது. தடித்த மெத்தைவிரிப்பு ஒன்றைப் பெரியக்காவும் தம்பியும் வழக்கம்போல் சண்டை போட்டபடியே மடித்தார்கள். மடிப்பின் வெளிப்பக்கம் விண்ணென்று இழுபட்டது. உள்பக்கம் கசங்கியது. நடுவிலிருந்த அடுக்கு மட்டும் தேமே என்று கிடந்தது. சின்னக்காவுக்கு இது புதிதா என்ன? பிறந்ததிலிருந்து இந்த இரண்டு பேருக்கும் நடுவில் அவளும் அப்படித்தான். கம்பியை மேலே ஒட்டியதுதான் தப்பு! அதன்மேல் அதே கனத்தில் இன்னொரு படலம் போட்டுக் கம்பியை நட்டநடுவில் வைத்துவிட்டால்? சாப்பிடக்கூட மறந்து ஆய்வகத்துக்கு ஓடினாள்.

இதோ, புதுப்பட்டையோடு தம்பி உலர்த்தும் அறைக்குள் நிற்கிறான். வேண்டுமென்றே குனிந்தான். நிமிர்ந்தான். வில்லாக வளைந்து காட்டினான். கைப்பேசியில் ஓடிய கோடு இம்மியும் அசையவில்லை.

சின்னக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கதவருகே துணிக்கூடைகளுக்கு நடுவில் குதித்தாள்.

"அடியே, ஈரத்தரை! பல்லை உடைச்சுக்காதே!" என்று கத்திய பெரியக்காவும் கைதட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

தம்பிக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. கூடை கூடையாக அள்ளிப் போட்டான். தண்ணீர் குடிக்கக்கூட வெளியே வரவில்லை.

அப்போதுதான் கைப்பேசி அலறியது.

"பாத்தியா! இப்ப நான் குனியவே இல்ல!" நிமிர்ந்து நின்று விரிப்பை மாட்டிக்கொண்டிருந்த தம்பி சிரித்தான்.

"இதுவும் போச்சா?" என்றாள் பெரியக்கா.

சின்னக்கா கைப்பேசிமேல் குனிந்தாள். கோட்டைப் பார்த்தாள். பழைய பொய்யெல்லாம் சட்டென்று துள்ளி விழும். இது துள்ளவில்லை, அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருக்கிறது.

"வெளியே வாடா!"

அவள் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள்.

"இந்தக் கூடையை மட்டும் முடிச்சிட்டு…"

"வான்னா வா!"

உள்ளே பாய்ந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கை நெருப்பாகக் கொதித்தது. வாசற்படி தாண்டியதும் அவன் கால்கள் மடங்கின. அக்காமார் இருவரும் தாங்கிப் பிடித்து, ஈர விரிப்பில் கிடத்தி, தலையில் தண்ணீர் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பினார்கள். பெரியக்கா டாக்டரை அழைத்தாள். அவர் வந்து சேர்வதற்குள் கோடு மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கிவிட்டது.

"நிஜத்தைச் சொல்லுச்சு! அக்கா, அது நிஜத்தைச் சொல்லுச்சு!" சின்னக்கா அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

டாக்டர் போனபின் பட்டை நனைந்துவிட்டதா என்று பார்க்கக் கையை நீட்டினாள். தம்பி சட்டென்று அதைப் பொத்திக்கொண்டான்.

"தொடாதே. அது அங்கேயே இருக்கட்டும்."

பெரியக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சட்டைக்கையை மேலே சுருட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு ஒட்டுடி. நான் மட்டும் என்ன ஐஸ்பெட்டிக்குள்ளயா வேலை செய்றேன்?"