கப்பல் வீட்டுச் சம்பந்தி

மாத்தளை நகரில் மூன்று தலைமுறையாக மிளகும் கறுவாப்பட்டையும் விற்கிற குடும்பம் நல்லையாவுடையது. அம்மன் கோயில் தேரன்று அந்த வீட்டு ஆண்கள் வந்தால் வடத்தில் கை வைக்க ஊரார் இடம் விட்டு நிற்பார்கள். அந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்குப் பேசி முடித்தாலும் மூத்தவன் கையால்தான் தாம்பூலத் தட்டு போகும். இப்போது மூத்தவர் நல்லையா. எழுபது கடந்தும் முதுகு வளையாத மனிதர்.

அப்படிப்பட்டவர் அந்த வெள்ளிக்கிழமை காலையில் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தார். தம்பி மகள் துஷாராவைக் கேட்டு இரத்தோட்டையிலிருந்து ராசையா குடும்பம் வருகிறது. தாயில்லாத பிள்ளை. சின்ன வயதிலிருந்தே பெரியப்பா வீட்டில் வளர்ந்து, இப்போது உக்குவளைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். ராசையாவின் மகன் அஜந்தனுக்கும் அவளுக்கும் மனம் ஒத்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தது, பெண்ணைப் பெற்ற உதயராஜின் விலாசத்தைத் தவிர.

உதயராஜ் லண்டனில் டாக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டை விற்று, உலகத்தைச் சுற்றிக்கொண்டேயிருக்கும் ஒரு கப்பலில் இரண்டு அறை வாங்கிக் குடியேறிவிட்டார். போய்த் திரும்புகிற பயணமல்ல, அங்கேயே வாழ்க்கை. அடுப்படி உண்டு, நூலகம் உண்டு, அக்கம்பக்கம் உண்டு. கால் வைக்க மண்தான் இல்லை.

இதைக் கேள்விப்பட்ட அன்று நல்லையாவுக்குச் சோறு இறங்கவில்லை. வீடுவாசல் இல்லாதவன் என்று ஊர் சொல்லிவிட்டால்? யார் விசாரித்தாலும், “தம்பி லண்டன்ல, சொந்த வீடு” என்றே சொல்லி வந்தார். ராசையாவிடமும் அதையேதான் சொன்னார். பெரியப்பா, உண்மையைச் சொல்லிருங்க என்று துஷாரா கெஞ்சியபோது, பெரியவங்க பேச்சில தலையிடாத என்று வாயை அடைத்தார்.

கப்பல் திருகோணமலையில் நின்றதால் உதயராஜ் நேரில் வர முடிந்தது. ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு ஏணியைத் தூக்கிவிடுவார்கள்.

“அண்ணே, ரெண்டு மணிக்கு நான் கார்ல ஏறணும். இல்லாட்டி வீடு என்னை விட்டுட்டுப் போயிரும்.”

“வீடாம் வீடு! அந்தச் சொல்லை அவங்க முன்னால எடுக்காத.”

“கேட்டாங்கன்னா?”

“லண்டன்னு சொல்லு. இருந்திச்சா இல்லையா?”

“வித்து ரெண்டு வருஷமாச்சு. பொய் சொல்ல என்னால முடியாது அண்ணே. வேணும்னா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.”

“அதைச் செய். சின்னதில இருந்து நான் கேக்கிறதும் அதைத்தான்.”

பத்து மணிக்கு வரவேண்டியவர்கள் வரவில்லை. ராசையாதான் போனில் பேசினார். “பாதையில மரம் விழுந்து சுணங்கிட்டோம் ஐயா. இப்ப ராகுகாலம் பிறந்திருச்சு. அம்மன் கோயில்ல உக்காந்திருந்து, அது கழிஞ்சதும் வந்திர்றோம்.”

நல்லையாவாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார். குறை சொல்ல வழியில்லை. கூடத்துக் கடிகாரம் மட்டும் யாருக்கும் காத்திருக்காமல் ஓடியது.

மதியம் கழிந்துதான் அஜந்தனும் பெற்றோரும் வந்தார்கள். ராசையா நிதானமான மனிதர். மழையைப் பற்றிப் பேசினார், மிளகு விலையைப் பற்றிப் பேசினார். மனைவி அழகாயி கூடத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். முன்னால் வைத்த தேத்தண்ணியை யாரும் தொடவில்லை. சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது.

“டாக்டர் ஐயா லண்டன்ல எந்தப் பக்கம்?” என்றார் ராசையா.

உதயராஜ் அண்ணனைப் பார்த்தார்.

“ஹரோ பக்கம்” என்றார் நல்லையா.

“அட, நம்ம மச்சானும் ஹரோதான்! தெருப் பேரைச் சொல்லுங்க, இப்பவே போட்டுக் கேப்போம்.” ராசையா போனைக் கையில் எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார்.

நல்லையா குறுக்கே கையை நீட்டினார். “அதுக்கென்ன, ஆறுதலாக் கேக்கலாம். முதல்ல பேச்சை முடிச்சிருவோமே.”

“பேச்சை முடிக்கப் பெத்தவர் பேசணுமில்ல?” அழகாயியின் குரல் உயர்ந்தது. “வந்ததில இருந்து பாக்கிறேன். டாக்டர் ஐயா வாயே திறக்கலை. மணியைத்தான் பாக்கிறாங்க. பொண்ணைக் குடுக்க இஷ்டமில்லையா? இல்ல, இரத்தோட்டைக்காரங்க கூட உக்கார்றது கௌரவக் குறைச்சலா?”

அறைக் கதவுக்குப் பின்னால் துஷாராவின் வளையல் சத்தம் நின்றது. அஜந்தன் தலை குனிந்தான். உதயராஜ் உட்கார்ந்திருந்த கதிரையின் கையை இறுகப் பிடித்தபடி, அண்ணனுக்குக் கொடுத்த வாக்குக்காக அந்தப் பழியை விழுங்கிக்கொண்டு இருந்தார். வெளியே உதயராஜுக்காக நின்ற கார் டிரைவர் ஹார்ன் அடித்தான்.

கடல் தாண்டி மகளுக்காக வந்தவன். அவனைத் தன் வீட்டுக் கூடத்தில், தன் கண் முன்னால், மகளைக் கொடுக்க மனமில்லாதவன் என்கிறார்கள். நல்லையா எழுந்தார்.

“போனை வைங்க ராசையா. என் தம்பிக்கு லண்டன்ல வீடு இல்லை.”

ராசையா போனை மடியில் வைத்தார்.

“அப்ப எங்க இருக்காங்க?”

“கப்பல்ல.”

“கப்பல்ல வேலையா?” என்றார் அழகாயி.

“வேலை இல்லைங்க, குடியிருக்கான். அந்தக் கப்பல் இன்னைக்கு ஆறு மணிக்குத் திருகோணமலையை விட்டுப் போகுது. அதுதான் மணியைப் பாக்கிறான். லண்டன்னு சொன்னது நான். அவன் சொல்லலை, பொண்ணும் சொல்லலை. பேசறதுன்னா என்னைப் பேசுங்க.”

ராசையா கண்ணாடியைக் கழற்றி மடித்தார். “கப்பல்ல இருக்கிறது குத்தமில்லைங்க ஐயா. ஆனா இரத்தோட்டையில கடை கடையா நான் லண்டன் வீடுன்னு சொல்லி வச்சிருக்கேன். இப்ப என் வாயும் பொய் வாயாப் போச்சே.”

நல்லையா தலையைத் தாழ்த்தாமல் நின்றார்.

அழகாயி உதயராஜின் பக்கம் திரும்பினார். “அங்க சாமி விளக்கு வச்சிருக்கீங்களா?”

“இருக்கும்மா. நெருப்புக்கு விட மாட்டாங்க. பேட்டரி விளக்கு.”

“பக்கத்தில ஆளுங்க?”

“பிரேசில்கார அம்மா ஒருத்தங்க. பாட்டுச் சத்தம் தாங்காம தினம் சண்டை.”

“சண்டை இருக்குன்னா வீடுதான்” என்றார் அழகாயி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ராசையா சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தார். அவன், “எனக்கு துஷாராதான்ப்பா” என்றான் மெல்ல.

“சரி, தட்டை வாங்கிக்கிறோம்” என்றார் ராசையா. “ஆனா ஐயா கோவிக்கக் கூடாது. உங்க கையால வேணாம். பெத்தவர் கையால குடுக்கட்டும்.”

அறைந்த மாதிரி இருந்தது நல்லையாவுக்கு. தகப்பன் கொடுத்து, பாட்டன் கொடுத்து, அவருக்கு வந்த உரிமை. முடியாது என்று சொல்ல ஒரு கணம் போதும், துஷாராவின் வாழ்க்கை வாசலோடு திரும்பிவிடும். ஹார்ன் மறுபடியும் கேட்டது.

வெற்றிலைத் தட்டை இரண்டு கையாலும் தூக்கினார். தம்பியின் கையில் வைத்து, ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார்.

ராசையா தட்டை வாங்கினார். அழகாயி ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். கதவு திறந்து துஷாரா வந்து தகப்பன் காலில் விழ, அவர் அவளைத் தூக்கி நெற்றியில் முத்தமிட்டார். பிறகு அண்ணன் காலைத் தொட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் காரில் ஏறினார். கார் திருகோணமலைப் பாதையில் நாலந்தாப் பக்கம் பறந்தது.

சம்பந்திகள் சாப்பிட்டுப் போன பிறகும் நல்லையா வாசல் கேற்றடியிலேயே நின்றார், போனைக் கையில் பிடித்தபடி. ஆறு மணியாகியும் சேதி இல்லை. இருட்டிய நேரத்தில்தான் போன் சிணுங்கியது. “ஏறிட்டேன் அண்ணே. எனக்குப் பின்னால ஏணியைத் தூக்கிட்டாங்க.”

பக்கத்துக் கடை யஹ்யா தொழுகை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார். “என்ன முதலாளி, விசேஷமாமே? தம்பி லண்டனுக்குப் புறப்பட்டாச்சா?”

நல்லையா முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“லண்டன்ல இல்லை யஹ்யா. அவனுக்கு வீடு கப்பல்ல. உள்ள வாங்க, சொல்றேன்.”