அம்போசெலியில் அமாவாசை

எங்கள் ஔந்த் வீட்டு டிவியில் யானைகள் நடந்து முடிந்ததும் என் கணவர் வந்தார். காக்கி அரை டிராயர், தலையில் சஃபாரி தொப்பி, கையில் ஒரு பேப்பர் தட்டு. தட்டில் எள்ளு கலந்த சாதம்.

"இதைப் பாருங்கோ," என்று சூர்யநாராயணன் ரிமோட்டால் தன்னையே சுட்டிக் காட்டினார். "கென்யாவுல, அம்போசெலி பார்க்குக்குள்ள இருக்கோம், அன்னிக்குப் பார்த்து அமாவாசை. காக்காய்க்கு வைக்காம நான் சாப்பிட்டதே கிடையாது. எந்த ஊரா இருந்தா என்ன, அப்பா அப்பாதானே?"

பக்கத்து ஏரியா தாபோடியிலிருந்து எங்கள் பயணப் படம் பார்க்க வந்திருந்த கந்தசாமியும் கனகவல்லியும் உருகிப்போனார்கள். கந்தசாமி வாய்க்குக் கொண்டுபோன மராத்திப் பலகாரமான பாகர்வடியைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பெத்தா உங்களாட்ட மகனைப் பெக்கோணுங்க. டிரைவர் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அவனே வைங்கோன்னுட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் டிரைவர் முவாங்கி அப்படிச் சொல்லவே இல்லை. இங்கே எதுவும் போடக்கூடாது, போட்டால் என்னைத்தான் கேட்பார்கள் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். இவரும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, அவர் டாய்லெட் பக்கம் போன நேரம் பார்த்துக் கட்டைச்சுவர் மேல் சாதத்தை வைத்தார். வெள்ளைச் சட்டை போட்டாற்போல இருந்த அந்த ஊர்க் காக்காய் வாய் வைப்பதற்குள், பபூன் குரங்கு ஒன்று வந்து தட்டோடு தூக்கிக்கொண்டு போயிற்று. வீடியோவில் குரங்கு இல்லை. நான்தான் வெட்டினேன். அதை ஃபேஸ்புக்கில் போட்டதும் நான்தான். அவர்களுக்கும் விளம்பரமாக இருக்கட்டுமே என்று சஃபாரி கம்பெனியின் பெயரை வேறு சேர்த்திருந்தேன். என் மூளையைச் சொல்ல வேண்டும்.

அப்போது என் போன் அடித்தது. கென்யா நம்பர். "பார்த்தேளா, இன்னும் விசாரிக்கறா!" என்று இவர் பிடுங்கி, எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

சஃபாரி கம்பெனி மானேஜர். நலம் விசாரிக்கவில்லை. பார்க் அதிகாரிகள் வீடியோவைப் பார்த்துவிட்டார்களாம். முவாங்கியை இனிமேல் உள்ளே விடமாட்டோம் என்கிறார்களாம். "நான் தடுத்தேன் என்கிறார். என் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள் சார், தடுத்தாரா இல்லையா?"

இவர் என்னைப் பார்க்கவில்லை. கந்தசாமியைப் பார்த்தார். "அப்படிச் சொன்னதாக ஞாபகம் இல்லை," என்றார் அழகான ஆங்கிலத்தில்.

போனை வைத்துவிட்டு, "சின்ன விஷயத்தை ஊதிப் பெரிசாக்கறா," என்று அடுத்த படத்துக்குத் தாவினார். சிங்கம் வந்தது. கனகவல்லி மரியாதைக்கு "அடேயப்பா" என்றாள்.

நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். இவரை மட்டும் சொல்லி என்ன? சுவர் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு, தட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கோ, முகம் தெரியட்டும் என்றவள் நான். இப்போதும் வாயை மூடிக்கொண்டு டம்ளர் கழுவுகிறேன். ஒருத்தன் பிழைப்பு அங்கே போய்க்கொண்டிருக்கிறது.

ஈரக்கையோடு ஹாலுக்கு வந்தேன். போனை எடுத்து அதே நம்பரைக் கூப்பிட்டேன். "முவாங்கி தடுத்தார். நாங்கள் கேட்கவில்லை," என்றேன்.

"உங்கள் கணவர் வேறு மாதிரி சொன்னாரே மேடம். செய்தவர் அவர். அவர்தான் சொல்ல வேண்டும்."

போனை நீட்டினேன். "ஏன்னா, நீங்களே சொல்லுங்கோ."

"அப்புறம் பேசிக்கலாம் வைஜு. மனுஷா வந்திருக்கா."

"மனுஷாளை வெச்சுண்டுதானே பொய் சொன்னேள்?"

அவர் முகம் செத்துப்போயிற்று. முப்பது வருஷக் குடித்தனத்தில் நாலு பேர் எதிரில் நான் இவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனை வாங்கினார்.

"தடுத்தார். இரண்டு தடவை," என்றார். இந்தத் தடவை ஆங்கிலம் தடுக்கியது. "அவர் அந்தப் பக்கம் போனதும் வைத்தேன். நான் சொன்னது பொய்."

எழுத்தில் அனுப்புங்கள், ஆனால் பார்க்கில் ஏற்பார்களா என்று தெரியாது என்றார் மானேஜர்.

"முவாங்கியிடம் கொடுங்கள். மன்னிப்புக் கேட்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். பிறகு மானேஜரே வந்தார்.

"மன்னியுங்கள் சார். அவருக்கு உங்களோடு பேச விருப்பமில்லையாம்."

கந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான்.