தொண்ணூற்றாறுக்கு அடுத்த பக்கம்

இரண்டாம் பதிப்புக்குப் பிழை திருத்த உட்கார்ந்தபோதுதான் ஹஸீனா தன் நாவலை அச்சில் முதன்முறையாகப் படித்தாள். தொண்ணூற்றாறாம் பக்கத்துக்கு அடுத்து நூற்றுப்பதின்மூன்று இருந்தது. நடுவில் பதினாறு பக்கங்கள், குழந்தை இறந்துபோகும் அத்தியாயம் முழுவதும், இல்லை. வீட்டில் மிச்சமிருந்த பிரதிகளைப் புரட்டினாள். எதிலும் இல்லை.

வெளியீட்டு விழாவில் நானூறு பிரதிகள் போயிருந்தன. ஒவ்வொருவராக மேடையேறி, பணம் வைத்த உறையை நீட்டி, புத்தகத்தைப் பெற்றுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாதமாகிறது. ஒருவரும் கேட்கவில்லை. நானூறு பிரதிகளின் முதல் பக்கத்திலும் கையெழுத்திட்ட அவளும்தான் ஒன்றையாவது புரட்டியிருக்கலாம்.

சிங்கப்பூரில், வீடிருந்த சுவா சூ காங்கிலிருந்து ரயிலேறி, லிட்டில் இந்தியாவில் ஒரு மாடியில் இருந்த பதிப்பாளர் சிவசுப்பிரமணியத்திடம் போனாள்.

"பைண்டிங்ல அந்தப் பதினாறு பக்கத்தையும் விட்டுட்டாங்க போல. செகண்ட் எடிஷன்ல சேர்த்துடுவோம். சத்தம் போடாம விடுங்க லா" என்றார் அவர்.

"வாங்கினவங்களுக்குச் சொல்ல வேண்டாமா சார்?"

"சொன்னா, யாருமே படிக்கலைன்னு நாமளே போஸ்டர் ஒட்டுற மாதிரி. அடுத்த விழாவுக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவாங்க?"

"நீங்க படிச்சீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டைப் பண்ணி அனுப்பினீங்கள்ல, அதுல கொஞ்சம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்லாமல் இருந்தால் நானூறு என்ற எண் அவளுடையதாகவே இருக்கும். சொன்னால், அதில் வாசகர்கள் எத்தனை பேர் என்பது தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் பயமாக இருந்தது.

கீழே இறங்கிக் காய்கறிக் கடை ஓரமாக நின்றாள். விடுபட்ட பக்கங்களை, மன்னிப்புக் கேட்கும் ஒரு வரியோடு, விழாவுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாள்.

உடனே பதில்கள் வந்தன. வாழ்த்துகள் அக்கா. கட்டைவிரல்கள். அடுத்த புக்கா, சூப்பர் லா! பதினாறு பக்கத்தை அரை நிமிடத்தில் யார் படிக்க முடியும்? கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தாள்.

நடைமேடையில் நின்றபோது தனியாக ஒரு செய்தி வந்தது.

"அக்கா, நான் பூன் லேல இருக்கிற ரத்தினம்மா. அப்போ அந்தப் பிள்ளை செத்துப்போச்சா? திடீர்னு ஏன் அந்தம்மா தொட்டிலைக் கழட்டுறாங்கன்னு புரியல. நான்தான் எங்கயோ கவனிக்காம விட்டுட்டேன்னு மூணு தடவை திரும்பப் படிச்சேன். உங்ககிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு."

ரயில் வந்து கதவு திறந்தது. ஹஸீனா ஏறவில்லை.

"ஆமா ரத்தினம்மா, செத்துப்போச்சு" என்று எழுதினாள். ரத்தினம்மாவின் செய்தியை மறுபடி படித்தபடி அடுத்த ரயிலையும் போகவிட்டாள்.