சுறா வைத்துப் போட்ட கோடு

அனுப்பப்போகும் ஆராய்ச்சிக் கட்டுரையில் பேராசிரியர் ஸ்ரீலக்ஷ்மியின் பெயரை முதல் பெயராகப் போட்ட நாளிலிருந்து மாடத்திக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது. எட்டு மாதம் கார்பன் நானோகுழாய் மையைக் கரைத்து, நகத்தளவு ஸ்டிக்கர்களில் பூசிப் பூசி விரல் கறுத்தது யாருக்கு? மீன் கெட்டால் கிளம்பும் அமோனியாவை அந்த மை உணரும். பேட்டரி வேண்டாம். போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு 'நல்லது', 'கெட்டது' என்று சொல்லிவிடும். எந்த அளவைத் தாண்டினால் கெட்டது என்று கோடு போடுவது மட்டும்தான் ஸ்ரீலக்ஷ்மியின் வேலை. அவள் அப்பா பேங்க் மேனேஜர். மாடத்தியின் அப்பா ஆரியசாலைச் சந்தையில் மூட்டை தூக்குகிறார், அம்மா ஓட்டலில் மீன் ஆய்கிறாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் இவள் ஒருத்திதான்.

கோடு போட ஸ்ரீலக்ஷ்மி வாங்கி வந்தது சுறா.

"கடைக்காரன்தான் சொன்னான், முள்ளே இருக்காதாம்டி. வெட்டறதுக்கு சௌகரியம்," என்றாள், கையுறைக்கு மேல் கையுறை மாட்டிக்கொண்டு.

நல்ல சுறாவே சீக்கிரம் அமோனியா வாடை அடிக்கும். மீன் நுழையாத வீட்டுப் பெண்ணுக்கு அது எங்கே தெரியும்? அந்த வாடையையே 'நல்லது' என்று வைத்து, கோட்டை எங்கேயோ உயரத்தில் போட்டாள். மாடத்தி வாயைத் திறக்கவில்லை. போடட்டும். முதல் பெயர்க்காரி அல்லவா!

இரண்டு வாரம் கழித்து ஒரு மீன் கம்பெனிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களே கொண்டுவந்த அயிலை மீனைப் பெட்டிக்குள் ஸ்டிக்கரோடு வைத்தார்கள். அறையே நாறியது. போன் 'நல்லது' என்றது. வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாடத்திக்கு வயிறு குளிர்ந்தது.

அவர்கள் போனதும் பேராசிரியர் நாகேஸ்வரன் அவள் பக்கம்தான் திரும்பினார்.

"எந்தா மாடத்தி, மையை இப்படியா பூசி வச்சிருக்கே? உன் பேரையே எடுத்துடட்டுமா?"

"மையில ஒரு குத்தமும் இல்ல சார். அவ சுறாவ வச்சுல்லா கோடு போட்டா. நல்ல சுறாவே நாறும்."

"அது உனக்கு எப்போ தெரியும்?"

பொய் வாயில் வரவில்லை. "மொத நாளே."

"தினம் என்கூடத்தானேடி உக்காந்து சாப்பிட்டே?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"நீ ஒரு வார்த்த கேட்டியா? என்கிட்ட கேட்டா ஒனக்குக் கொறஞ்சா போயிரும்?"

ஸ்ரீலக்ஷ்மி அழுதுவிட்டாள். நாகேஸ்வரன் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"நாளைக்கு அயிலை, சாளை எல்லாம் வாங்கிண்டு வா மாடத்தி. கோட்டை ரெண்டு பேருமா மாத்திப் போடுங்கோ. பேர் வரிசை மாறாது, கேட்டோ."

அழும்போதுகூட இவளுக்கு மட்டும் எப்படி மூக்கு சிவக்காமல் இருக்கிறது என்று மாடத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.